டீயில் முக்கினாலும் உடையாத ஓட்ஸ் பிஸ்கட்டை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். நன்றாகவே வரும். கேள்வி கேட்டவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: அவர் செய்யும் ஓட்ஸ் பிஸ்கட் வெறுமனே சாப்பிட ருசியாக இருக்கிறதாம், டீயில் முக்கினால் மட்டும் பாதி கரைந்து டம்ளரின் அடிக்குப் போய்விடுகிறதாம். என் பதில் இதுதான்: சூட்டைக் குறைத்து, ஓவனில் கூடுதல் நேரம் விடுங்கள். டீயில் நிற்கும் பிஸ்கட்டும் நிற்காத பிஸ்கட்டும் வேறுபடுவது பெரும்பாலும் உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தால்தான். நம் ஊர் ரஸ்க் டீயில் அவ்வளவு தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். ஒருமுறை வெந்த ரொட்டியைத் துண்டு போட்டு மறுபடி சுட்டு, ஈரத்தை முழுக்க விரட்டிவிடுகிறார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில். இங்கே டீயில் பிஸ்கட் முக்குவது அன்றாட வழக்கம். எந்த பிஸ்கட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று வேலையிடத்தில் உண்மையான அக்கறையோடு விவாதிப்பார்கள். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் பெயர் ஹாப்நாப். அதைத் தயாரிக்கும், எடின்பரோவில் தொடங்கிய மெக்விட்டீஸ் நிறுவனம் 1892-லேயே டைஜெஸ்டிவ் பிஸ்கட்டைக் கொண்டுவந்துவிட்டது. ஓட்ஸ் சேர்த்த ஹாப்நாப் 1985-ல்தான் வந்தது, அதன் சாக்லேட் வகை 1987-ல். வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எட்ட நினைப்பது அந்த மொறுமொறுப்பைத்தான்.

ஓட்ஸ் ஏன் உதவுகிறது? சாதாரண பிஸ்கட்டில் மாவின் துகள்களை ஒட்டிவைத்திருப்பது பெரும்பாலும் சர்க்கரை. சூடான டீ உள்ளே ஏறியதும் சர்க்கரை கரைகிறது, மாவுச்சத்து நீரை உறிஞ்சி ஊதுகிறது, பிடிப்பு விட்டுப்போகிறது. ஓட்ஸோ ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கிய முழுத் தானியம். அந்தத் தட்டையான இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து, மண்சுவரில் வைக்கோல் செய்யும் வேலையைச் செய்கின்றன. சுற்றியுள்ள மாவு இளகினாலும் இதழ் உடனே இளகாது. அதனால் ஓட்ஸை மிக்ஸியில் பொடிக்காதீர்கள். கடையில் ‘ரோல்டு ஓட்ஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். சீக்கிரம் வேகும் ஓட்ஸ் நறுக்கி மெல்லியதாக்கப்பட்டது, கஞ்சிக்கு அது போதும். அதற்காக முழுக்க ஓட்ஸிலேயே செய்தாலும் நிற்காது. இங்கே ஃபிளாப்ஜாக் என்று ஓட்ஸ், வெண்ணெய், பாகு மட்டும் சேர்த்துச் சுடும் ஒரு பண்டம் உண்டு. கையில் எடுத்துச் சாப்பிட அருமை, ஆனால் டீக்குள் போனால் உதிர்ந்துவிடும். ஓட்ஸைப் பிடித்துவைக்க மாவும் வேண்டும்.

அளவு: ரோல்டு ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், மைதா 50 கிராம், நாட்டுச் சர்க்கரையோ பழுப்புச் சர்க்கரையோ 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், கோல்டன் சிரப் ஒரு மேசைக்கரண்டி, வெந்நீர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா அரை தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. முட்டை வேண்டாம். 24 பிஸ்கட் வரும்.

கோல்டன் சிரப் என்பது கரும்புச் சர்க்கரைச் சுத்திகரிப்பில் கிடைக்கும் பொன்னிறப் பாகு, இங்கே 1880-களிலிருந்து தகர டப்பாவில் விற்கிறார்கள். அதில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்திருப்பதால் சர்க்கரைக் கற்களாக உறைந்து பூத்துப்போகாது. கிடைக்காவிட்டால் தேன் போடுங்கள், அதிலும் இதே இரண்டு சர்க்கரைகள்தான். ஆனால் தேன் சீக்கிரம் சிவக்கும், ஓவன் பக்கத்திலேயே இருங்கள்.

ஓட்ஸ், மாவு, சர்க்கரை, உப்பு நான்கையும் ஒரு அகலமான பாத்திரத்தில் கலந்து வையுங்கள். வெண்ணெயையும் சிரப்பையும் சிறு தீயில் உருக்குங்கள், கொதிக்க வேண்டாம். அடுப்பை அணைத்து, சோடாவை வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றுங்கள். இந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: மஞ்சளாக, தெளிவாக இருந்தது சரசரவென்று நுரைத்து, வெளிறிய நிறத்தில் பொங்கி எழும். பாத்திரம் கொஞ்சம் ஆழமாக இருப்பது நல்லது. நுரை அடங்குவதற்குள் மாவில் கொட்டிக் கிளறிவிட வேண்டும். அந்தக் காற்றுதான் பிஸ்கட்டுக்குள் சிறு துளைகளாக நிற்கும். சோடாவின் காரத்தன்மை பிஸ்கட் சிவக்கவும் உதவும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ஆன்சாக் பிஸ்கட்டும் இதே முறைதான், அதில் தேங்காய்த் துருவலும் சேரும்.

கலவை உதிரியாகத் தெரியும், கையால் அழுத்தினால் பிடிபடும். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, நன்றாக இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி, விரலால் தட்டையாக அமுக்குங்கள். விளிம்பில் வெடிப்பு விழுந்தால் விரலால் சேர்த்துவிடுங்கள், முக்கும்போது உடைவது பெரும்பாலும் அந்த வெடிப்பில்தான்.

அப்புறம் சூடு. பல செய்முறைகளில் 180 டிகிரி, 12 நிமிடம் என்று இருக்கும். அப்படிச் சுட்டால் வெளியே சிவந்து நடுப்பகுதி மெத்தென்று நிற்கும். அது பாலோடு சாப்பிடும் குக்கிக்குச் சரி, டீக்குச் சரிவராது. நான் 150 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். சூடாக இருக்கும்போது தொட்டால் மெதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், ஆறினால் இறுகும். முழுக்க ஆறியதும் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடைய வேண்டும், உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறம் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் அடர்த்தியாக, ஈரம் பட்டதுபோல் தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டில் அடுக்கி 120 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். ஓடிஜி என்னும் சிறு மின் ஓவன் என்றால் இந்த இரண்டாவது சூட்டை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். மணலோ உப்போ போட்டு மூடிய குக்கரில் சுடுவதை நான் சொல்ல மாட்டேன். பிஸ்கட் வேகும், ஆனால் ஈரம் வெளியேற வழியில்லை.

ஏலக்காய், பட்டை எதுவும் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வறுத்த ஓட்ஸின் வாசனையே சூடான டீயில் எழும்பி வரும், அதை மறைக்க மனம் வரவில்லை.

இனி முக்கும் விதம். இதற்கும் ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் லென் ஃபிஷர், நுண்துளைகளில் திரவம் ஏறுவதைச் சொல்லும் வாஷ்பர்ன் சமன்பாட்டை பிஸ்கட்டுக்குப் பொருத்திப் பார்த்தார். அதற்காக 1999-ல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் சமன்பாட்டின்படி இரண்டு மடங்கு தூரம் நனைய நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆகவே பிஸ்கட் கொஞ்சம் தடிமனாக இருந்தாலே நல்ல அவகாசம் கிடைக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தட்டுங்கள். ஃபிஷர் சொன்ன யோசனை, செங்குத்தாக விடாமல் கிடைமட்டமாக வைத்து ஒரு பக்கம் மட்டும் டீயில் படும்படி நனைப்பது. மேல்பக்கம் உலர்ந்தே இருப்பதால் அது மொத்தத்தையும் தாங்கிப்பிடிக்கும். அதற்கு வாய் குறுகிய டம்ளர் ஒத்துவராது, அகலமான கப் வேண்டும். ஒருபக்கம் சாக்லேட் பூசியிருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும்.

ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மொறுமொறுப்பு போகாது. மழைக்காலத்தில் நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், பழையபடி ஆகிவிடும்.