வாசகர் கேள்வி: பொறியியல் படித்தவர் மனதை ஆராயப் போன கதை

கேள்வி: ஐயா, எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் போவதற்கு முன் எழுதும் மலேசியத் தேர்வு) முடித்த என் மகள் ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் பேராசிரியரின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நிறுவன உளவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர் என்ன படித்தவர், எதை ஆராய்கிறார்? செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் என் கணவரோ, "ஆலைக்கு எதுக்கு உளவியல்?" என்று சிரிக்கிறார்.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவரைச் சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் இது அவர் ஆலைக்காகவே செய்தது போன்ற ஆராய்ச்சி.

எட்மண்ட்சன் ஹார்வர்டில் முதலில் படித்தது பொறியியலும் வடிவமைப்பும். 1980களின் தொடக்கத்தில், உருண்டைக் கூரைக் கட்டடங்களால் பெயர்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் தலைமைப் பொறியாளராக இருந்தார். அப்புறம் மனிதர்கள் பக்கம் திரும்பி, நிறுவன நடத்தையியலில் (வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் துறை) ஹார்வர்டிலேயே முனைவர் பட்டம் வாங்கினார்.

அந்த மாணவப் பருவத்தில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதானே நாமும் நினைப்போம்? கணக்கு தலைகீழாக வந்தது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! தோண்டிப் பார்த்தால், அங்கே தாதியர் தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மூடி மறைக்கிறார்கள். 1999இல், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் இதைக் குழுவின் 'உளவியல் பாதுகாப்பு' என்று விளக்கினார்.

இப்போது உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசர் கதவு ஓரத்தில் லேசாக ஆவி கசிவதைப் புதுப்பையன் ஒருவன் பார்க்கிறான், போர்மேனிடம் சொன்னால் "நேத்து ராத்திரி ஷிப்ட்ல நீதானே இருந்தே?" என்று அவன் தலையிலேயே விழும் என்றால், அவன் வாயைத் திறப்பானா? நம் தோட்டங்களில் பெரட்டு (விடியற்காலையில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது) காலத்திலிருந்தே கைகட்டி நின்று பழகியவர்கள் நாம். அதற்காக வேலையில் கண்டிப்பே கூடாது என்று அந்தப் பேராசிரியர் சொல்லவில்லை, தரத்தில் கறார் வேண்டும், பேசுவதற்குப் பயம் கூடாது என்கிறார்.

மகள் படிப்புக்கு வருவோம். உளவியல் இளங்கலை யூகேஎம்மில் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) இருக்கிறது, தொழில்துறை உளவியலை சபாவில் யூஎம்எஸ்ஸிலும் (மலேசிய சபா பல்கலைக்கழகம்) பார்க்கலாம். ஆனால் இந்தத் துறையில் வீடியோவில் வரும் பேச்சு கொஞ்சம், புள்ளியியல்தான் நிறைய. விண்ணப்பம் போடுமுன் கணக்கு பிடிக்குமா என்று கேட்டுவிடுங்கள்.