பிளாக் டிக்கெட்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

1,500 ரூபாய் ஐபிஎல் டிக்கெட்டை வாட்ஸ்அப் குழுவில் 6,000 கொடுத்து வாங்கினேன். 'ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் கிடைக்குமா?
*(தாம்பரம்)*

எப்போது வாங்கினீர்கள், பணம் எப்படிப் போனது, ஒன்றும் எழுதவில்லை. இப்படிப் பாதிக் கதையை அனுப்பினால் பாதிப் பதில்தான் தர முடியும். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள். தாமதமாக ஆக, விற்றவரின் கணக்கில் பணம் மிச்சமிருக்காது. ஒரே க்யூஆர் படத்தைப் பலருக்கு விற்பது மோசடி. பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 318(4), ஏழாண்டு வரை சிறை. அமைப்பாளர் மேல் பழி போட முடியாது, நீங்கள் அவரிடம் வாங்கவில்லை. படம் டிக்கெட் ஆகாது. டிக்கெட் செயலியில் அது உங்கள் கணக்குக்கு மாறிய பிறகுதான் பணம்.

போக முடியவில்லை. கச்சேரி டிக்கெட்டை வாங்கிய விலைக்கே தோழிக்குக் கொடுத்தால் குற்றமா?
*(திருச்சி)*

இல்லை. ஆனால் 'மாற்றத்தக்கதல்ல' என்று நிபந்தனை இருந்தால் வாசலில் மறுக்கலாம். படித்துவிட்டுக் கொடுங்கள்.

பிளாக்கில் விற்பது சட்டப்படி குற்றம்தானே? போலீஸ் ஏன் பிடிப்பதில்லை?
*(கோவை)*

எந்தச் சட்டப்படி? வாரத்துக்குப் பத்துப் பேர் இதையே கேட்கிறீர்கள். ரயில் டிக்கெட்டுக்கு 1989-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. கச்சேரிக்கும் கிரிக்கெட்டுக்கும் நாடு முழுமைக்குமான தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. கையில் இருக்கும் போலீஸ் சட்டப் பிரிவுகளை வைத்து, சேப்பாக்கம் வாசலில் நாலு டிக்கெட்டோடு நிற்பவரைப் பிடிக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் அள்ளி இணையத்தில் விற்பவர் தப்பிவிடுகிறார்.

2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்பிளே கச்சேரிக்குச் சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டை லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். பொதுநல வழக்குப் போனது. இது சட்டமன்றமும் அரசும் முடிவு செய்யவேண்டியது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சரிதான், நீதிபதிகள் சட்டம் எழுத முடியாது. எழுதவேண்டியவர்கள் ஏன் எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஜப்பான் 2019-லேயே தடை கொண்டுவந்தது. ஓராண்டு சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம். அயர்லாந்து 2021-ல் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கவே கூடாது என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பத்து சதவீதம்தான் உச்சவரம்பு. நமக்கும் இதுபோல ஒரு வரம்பு வேண்டும். கூடவே, மொத்த இருக்கையில் எத்தனை பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது என்று அமைப்பாளர் வெளியிட வேண்டும். பாதியை பாஸ் என்று ஒதுக்கிக்கொண்டு 'ஐந்தே நிமிடத்தில் தீர்ந்தது' என்றால், பிளாக்குக்குக் கதவு திறந்துவிடுவது யார்?

லண்டனில் படிக்கும் மகன் கால்பந்து டிக்கெட்டை நண்பனுக்கு விற்கலாமா?
*(அண்ணா நகர்)*

வேண்டவே வேண்டாம். அங்கே 1994 குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் விற்பதே குற்றம். லாபம் வைக்காவிட்டாலும் குற்றம்தான். எதிரணி ரசிகர்களைப் பிரித்து உட்காரவைக்கும் ஏற்பாடு குலையக்கூடாது என்பதற்காகப் போட்டது. கிளப் மூலமாகவே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட். தெரிந்தவர் தன் சொந்த ஐடியில் போட்டுத் தந்து 700 ரூபாய் கூடுதலாக வாங்கினார். எனக்கு ஆபத்தா?
*(பாளையங்கோட்டை)*

உரிமமில்லாமல் இதைத் தொழிலாகச் செய்தால் ரயில்வே சட்டம் பிரிவு 143: மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். டிக்கெட்டும் பறிபோகும், நிற்பது நீங்கள்தான். இ-டிக்கெட்டுக்கு இது பொருந்தாது என்ற வாதத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. பழைய பயணியின் பெயரில் உள்ள டிக்கெட்டை வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பெயர் மாற்றம் பெற்றோர், உடன்பிறந்தோர், துணை, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுக்குத்தான். 24 மணி நேரத்துக்கு முன்பே, ஒரே ஒரு முறை.

முதல் நாள் படத்துக்குத் தியேட்டர் கவுன்டரிலேயே 500 ரூபாய் கேட்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?
*(சேலம்)*

தியேட்டருக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர், சென்னையில் போலீஸ் கமிஷனர். அங்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். டிக்கெட்டையும் பணம் கட்டிய ரசீதையும் இணையுங்கள். ரசீது தராமல் ரொக்கம் கேட்டால் ஜிபே செய்யுங்கள், அதுவே சாட்சி. படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு எழுதவேண்டாம்.