முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்: கடல்நீர்த் தொட்டி கேள்வி பதில்

கேள்வி (மேடவாக்கம்): ஐயா, இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். இந்த ஞாயிறு தண்ணீர் நிரப்பினால் அடுத்த ஞாயிறு மீன் விடலாமா?

பதில்: விடக்கூடாது. மீன் தன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவ்விரண்டுமே போதிய அளவில் இருப்பதில்லை. ஆகவே அதில் விடப்படும் மீன் தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகிறது. மீனுக்குப் பதிலாக அம்மோனியம் குளோரைடைக் கரைத்து, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும்படி வைத்துக்கொண்டு, அந்த பாக்டீரியாக்கள் பெருகும்வரை காத்திருங்கள். தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அம்மோனியாவைக் காட்டும் சொட்டு மருந்து விட்டால் முதல் வாரங்களில் குழாய் நீர் பச்சையாக மாறும். அம்மோனியா தீர்ந்து, அது மஞ்சளாகவே நிற்கும் நாள் வரும். அன்றும் அவசரப்படாமல், மீண்டும் அதே அளவு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்குகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

தொட்டியை மாற்றிக்கொள்ள இயலுமானால் மூன்றடியாக வாங்குங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சிறு பிழையும் ஒரே இரவில் பெரிதாகிவிடும்.

கேள்வி (அண்ணாநகர்): கடற்கரை பக்கத்திலேயே இருக்க, உப்பு வாங்கிக் கரைப்பது வீண் செலவு அல்லவா?

பதில்: கூவமும் அடையாறும் வந்து கலக்கும் கரையில் முகந்த நீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்புத்தன்மையும் இறங்கிவிடும். செயற்கைக் கடலுப்பை ஆர்.ஓ. நீரில் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025 வரும்படி வைத்துக்கொள்வதே நம்பத்தக்க வழி. ஆனால் வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் இயந்திரத்தின் நீர் இதற்குப் போதாது. அவற்றுள் பலவற்றில் சுவைக்காகச் சிறிது சுத்திகரிக்காத நீரை மீண்டும் கலந்துவிடும் அமைப்பு இருக்கிறது. நீரில் கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் வரை, மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் துகள்கள் வழியாகவும் நீரைச் செலுத்த வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் மின்விசிறி வைத்தே நான் சமாளிக்கிறேன். எல்லோரையும் ஏன் செலவு செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் ஊரில் அது நடக்கும், சென்னையில் நடக்காது. மின்விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் விரைவாக நிகழும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த மே மாத மாலையில், விளக்கும் மோட்டாரும் வேறு சூடேற்ற, நீர் 31 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். அத்தகைய வெப்பம் நீடித்தால் பவளம் தன் திசுவில் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடலிலேயே அதுதான் நேர்ந்தது. தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி போதும்.

நீங்கள் மின்விசிறி வைத்திருப்பதால் ஓர் எச்சரிக்கை: ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு போவதில்லை. குறைந்த அளவை உப்பு கலவாத ஆர்.ஓ. நீரால்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி (ராமநாதபுரம்): எங்கள் பக்கத்தில் கரையில் ஒதுங்கிய பவளக்கல் மலிவாகக் கிடைக்கிறது. செத்த கல்தானே? தொட்டியில் அடுக்கலாமா?

பதில்: கூடாது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. உயிருள்ளதற்கு மட்டுமன்றி அதன் உடற்பகுதிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அவரே மீண்டும்: அலை கொண்டுவந்து போட்டதை எடுப்பதால் கடலுக்கு என்ன நட்டம் ஐயா? யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

பதில்: யார் பார்ப்பார்கள் என்பது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்று. நட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிப்போயின. அலையையும் மண்ணரிப்பையும் தடுத்து நின்ற அரண் போனபின் தீவு நிற்கவில்லை. மேலும், ஒதுங்கிய கல்லுக்கு விலை கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த படகு ஒதுங்காத கல்லையும் பெயர்த்துவரும்.

இன்னொருவர் (தூத்துக்குடி): நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரரே விற்கிறாரே!

பதில்: கடைக்காரர் விற்பதால் சட்டம் மாறிவிடாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அந்தக் கல்லின் நுண்துளைகளில் காய்ந்து கிடக்கும் உயிர்ப்பொருள் அழுகிப் பாஸ்பேட்டைக் கசியவிடும்; பாசி பிடிப்பது பற்றி நீங்களே பிறகு கேட்பீர்கள். பாக்டீரியாவுக்குத் தேவை நுண்துளைகளும் பரப்பும்தான். தொட்டிக்கென்றே வார்த்தெடுத்த செயற்கைக் கல்லும் பீங்கான் கல்லும் அதைத் தருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லிக் கடினப் பவளம் விற்றால், முதலில் இறக்குமதி அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். பில் மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இதைப்பற்றி இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (தாம்பரம்): தண்ணீர் விட்டு மூன்று நாள் ஆகிறது, தெளிவாக இருக்கிறது. மீன் விடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (வேளச்சேரி): என் மகளுக்கு அந்த நீலநிற டாங் மீன்தான் வேண்டுமாம். தொட்டி இரண்டடி.

பதில்: அது ஏறத்தாழ 30 செ.மீ. வளரும் மீன். மகளிடம் தொட்டியின் அளவைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி (கொளத்தூர்): மீன்மேல் உப்புத்தூள் தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். காப்பர் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் இறாலும் பவளமும் அழியும், கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மீன்கள் அனைத்தையும் கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி, காப்பர் அளவைச் சோதித்துக்கொண்டே மருந்து கொடுங்கள். அந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் மடிய, பெரிய தொட்டி பல வாரங்கள் மீனின்றி இருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): என் கோல்டு ஃபிஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது.

பதில்: நன்னீர் மீன் என் துறை அன்று. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (திருவான்மியூர்): தண்ணீர் குறைந்துவிட்டது. புதிதாக உப்பு கரைத்து ஊற்றவா?

பதில்: உப்பு ஆவியாவதில்லை என்று கோவைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (புதுச்சேரி): நீங்கள் சொன்ன அம்மோனியாச் சுழற்சி முடிந்து, சோதனையில் எல்லாம் பூஜ்யம். முதல் உயிராக எதை விடலாம்? மின்தடை வந்தால் என்ன செய்வது?

பதில்: பொறுமையாக இருந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பண்ணையில் பொரிக்கப்பட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி விடுங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்னும் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே கடலிலிருந்து பிடித்துவந்ததை வாங்கவேண்டிய தேவை இல்லை. பண்ணைக் குஞ்சு பிறந்தது முதல் தொட்டியிலேயே இருந்ததால் தீவனத்தையும் தயங்காமல் உண்ணும். க்ளவுன் மீன் அண்டி வாழும் கடல் உயிரியான அனிமோனை இப்போது சேர்க்காதீர்கள்; ஓராண்டு ஓடி நிலைத்த தொட்டியில்தான் அது தங்கும்.

மின்தடையில் முதலில் தீர்வது ஆக்சிஜன், வெப்பமெல்லாம் பிறகு. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். இன்வெர்ட்டரில் இணைப்பதானால் விளக்கையும் சில்லரையும் விட்டுவிட்டு, நீரோட்டப் பம்ப்பை மட்டும் இணையுங்கள். இரவு முழுவதும் தாங்கும். மின்சாரம் வரும்வரை தீனி போடாதீர்கள்.