பீரோவில் பூட்டிய முப்பது பக்கங்கள்

கேள்வி: நாங்கள் மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், நான்சி ட்ரூ என்னும் துப்பறியும் பெண்ணின் கதை வரிசையில் முதல் நாவலைக் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் தன் கைக்காசில் வாங்கினாள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவும் அதையே படித்துக்கொண்டிருந்தாள். 'இன்னும் முப்பது பக்கம்தான்' என்று கெஞ்சியும் பிடுங்கிப் பீரோவில் பூட்டினேன். அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் ஒரே இரவில் படித்து முடித்தேன். பரீட்சைகள் முடிந்தும் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, 'இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்' என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை, ஏனெனில் என் கண்ணை உறுத்துவது உங்கள் மகளின் செய்கை அன்று, 'நானும் ஒரே இரவில் படித்து முடித்தேன்' என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான்.

என்ன இருக்கிறதென்று பார்க்க விரும்புபவர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு மூடிவிடுவார். ஒரே மூச்சில் முடிப்பவர் ரசித்திருக்கிறார். ரசித்ததில் தவறில்லை. 1930இல் பதினாறு வயதுக்காரியாக அறிமுகமாகி, 1959இல் தொடங்கிய திருத்தப் பதிப்புகளில் பதினெட்டு வயதாக்கப்பட்ட அந்த நான்சி, காணாமற்போன உயிலைத் தேடி அலையும் கதை யாரையும் தூங்கவிடாது. ஆனால் அந்த உயில் எங்கே இருந்தது என்பது இன்று உங்களுக்குத் தெரியும், காசு கொடுத்து வாங்கியவளுக்குத் தெரியாது. (அவளும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்பதால் நான் அதைச் சொல்லவில்லை.) குழந்தை கையிலிருந்த முறுக்கைப் பறித்து, அடுப்படியில் நின்று தின்றுவிட்டு, 'ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்' என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கதையில் வக்கீலான தகப்பனார் மகளை உட்காரவைத்து வழக்கைப் பற்றிப் பேசுகிறாரே, அந்தப் பக்கங்களை எப்படித்தான் கூசாமல் தாண்டினீர்களோ!

பரீட்சைக்கு முந்தின இரவு கதைப்புத்தகம் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வது தாயின் கடமை. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மாலையே அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதும் அதே கடமைதான்.

இன்றே கொடுத்துவிடுங்கள். அடையாளத்துக்கு அவள் செருகியிருந்த பஸ் டிக்கெட்டைப் பழைய பக்கத்திலேயே வைத்து, தொடாதவர்போல் நடிக்க வேண்டாம். துப்பறியும் கதை படிக்கிற பெண் முதலில் கவனிப்பது அதைத்தான். 'நானும் படித்துவிட்டேன், உன்னிடம் சொல்லாமல் படித்தது என் தப்பு' என்று சொல்லியே கொடுங்கள். அவள் முடிக்கும்வரை தூங்காமல் காத்திருந்து, உயில் எங்கே இருக்குமென்று முதலில் நினைத்தாள் என்று கேளுங்கள்.