குன்னூர்ப் பனியில் பிசிபி (முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும்) ஏர் ரைபிளுக்குக் கைப்பம்பால் காற்றடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் ஈரத்தை உள்ளே விடக்கூடாது. 200 பார் (அழுத்த அலகு) வரை அழுத்தும்போது காற்றிலுள்ள நீராவி தண்ணீராகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே புகும் குன்னூரில் இது துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரை அரிக்கும், வால்வும் கசியத் தொடங்கும்.

பம்ப் காற்றை இழுக்கும் வாயில் சிலிக்கா ஜெல் உலர்த்தி கட்டாயம் வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள். அவசரமாக அடித்தால் பம்ப் கொதித்து ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விடும். 50 முறை அடித்ததும் நிறுத்தி, பம்பிலுள்ள பிளீட் திருகை (அழுத்தத்தை வெளியேற்றும் திருகு) திறந்தால் சேர்ந்த நீர் பொடித்துளியாகச் சீறி வெளியேறும். பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொடருங்கள். துப்பாக்கியில் குறித்துள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது.

ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் அழுத்தச் சூட்டில் தீப்பற்றி வெடிக்கலாம். வெல்டிங் கடை ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். அது உயிரையே வாங்கிவிடும்.