இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பரோக் (17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆடம்பரமான கட்டடப் பாணி) தேவாலயங்களும் மடங்களும் எல்லாம் ஒரே மாதிரிதானா? நான்கைந்து நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

முதல் நாள் எனக்கும் ஒரே மாதிரிதான் தோன்றியது. மூன்றாவது தேவாலயத்தைத் தாண்டியதும் பளிங்கு, பொன்முலாம், குட்டித் தேவதைகள் எல்லாம் மண்டைக்குள் ஒன்றாகக் குழம்பிவிடும். 'இது ஏன் இந்த இடத்தில் நிற்கிறது?' என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

தென்கிழக்குச் சிசிலியில் அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே தேதியில் போய் நிற்கும்: 1693 ஜனவரி 11. அன்றைய நிலநடுக்கத்தில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியா, நோத்தோ, ரகூசா, மோதிகா என்று ஊர் ஊராக இடிந்தது. இன்று நாம் வாயைப் பிளந்து பார்க்கிற முகப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு கட்டியவை. அப்படி எழுந்த எட்டு ஊர்களைச் சேர்த்துத்தான் 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் போட்டது.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கத்தானியாவில் உள்ள சான் நிக்கோலோ லாரெனா மடத்துக்குப் போங்கள். பெனடிக்ட் சபைத் துறவிகளுடையது; ஐரோப்பாவின் மிகப் பெரிய மடங்களில் ஒன்று. 1669-ல் எட்னா எரிமலை வெடித்தபோது குழம்பு ஊருக்குள் இறங்கி, மடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, சுவரோரமாகவே உறைந்துவிட்டது. பன்னிரண்டு மீட்டர் உயரப் பாறை! 24 வருடம் கழித்து நிலநடுக்கம் வந்து மிச்சத்தையும் சாய்த்தது. திரும்பக் கட்டியபோது துறவிகள் அந்தப் பாறையை வெட்டி அகற்றவில்லை. அதன் தலையிலேயே சமையலறை, உணவுக்கூடம், நூலகம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். மாடி ஏறிப் போய்க் கதவைத் திறந்தால் எதிரே தோட்டம். மண் அந்த உயரத்துக்கு வந்துவிட்டது. சமையலறைக்குக் கீழே இறங்கினால் வெள்ளையடித்த வளைவுகளுக்கு நடுவே கரேலென்று எரிமலைப் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. கையால் தொட்டுப் பார்த்தேன். வழிகாட்டிப் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

1866-ல் இத்தாலிய அரசு மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம் இது படைவீரர் குடியிருப்பாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்து, 1977-ல் கத்தானியா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இப்போது பளிங்குத் தூண் நடையில் மாணவர்கள் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார்கள். பக்கத்திலேயே மடத்தின் தேவாலயம். முகப்பில் ராட்சதத் தூண்கள் பாதி உயரத்தில் அப்படியே நிற்கின்றன; கட்டி முடிக்கவே இல்லை. பூச்சும் பொன்னும் மிகுந்த கோயில்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது. உள்ளே தரையில் 1841-ல் பதித்த பளிங்குக் கோடு ஒன்று உண்டு. மேலே உள்ள சிறு துளை வழியாக விழும் சூரியப் பொட்டு, உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைத் தொடும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் க்ரோச்சிஃபெரி தெரு. கோயிலும் மடமுமாக வரிசை கட்டி நிற்கும், அரை மணி நேரம் போதும். கன்னியர் மடத்தின் இரண்டு பகுதிகளை இணைக்கும் வளைவு ஒன்று தெருவுக்குக் குறுக்கே போகிறது. 1704-ல் ஒரே இராத்திரியில் கட்டி முடித்தார்களாம். அந்த ஊர்க் கதை, நம்புவது உங்கள் பாடு.

சிராகூசாவின் பேராலயத்தை முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்திரேயா பால்மா வடிவமைத்த 18ஆம் நூற்றாண்டு முகப்பு அழகுதான். ஆனால் இடது பக்கச் சந்தில் திரும்புங்கள்: சுவருக்குள் தடித்தடியான கிரேக்கத் தூண்கள் புதைந்திருக்கும். கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்குக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. தூண்களுக்கு இடையே சுவரெழுப்பித் தேவாலயமாக்கிவிட்டார்கள்.

நோத்தோ எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அது கொஞ்சம் நாடக மேடை மாதிரி இருந்தது. பழைய ஊரைக் கைவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கோடு போட்டுக் கட்டிய ஊர் அல்லவா. அதன் பேராலயக் குவிமாடம் 1996 மார்ச்சில் இடிந்து விழுந்தது தெரியுமா? தூண்களுக்குள்ளே வெறும் கல்லும் சல்லியும்; 1950களில் மேலே கனமான கான்கிரீட் கூரை வேறு; 1990 நிலநடுக்கத்தில் விரிசல். நல்லவேளை, யாரும் சாகவில்லை. 2007-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

ரகூசாவின் பழைய பகுதியான ஈப்லாவில் ரொசாரியோ கல்யார்தி வடிவமைத்த சான் ஜோர்ஜோ தேவாலயத்துக்கு நான் மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பூட்டு. இந்தத் தீவில் மதியம் பல கோயில்களைச் சாத்திவிடுவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே சதுக்கத்தில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் கோயில் சதுக்கத்துக்கு நேராக இல்லை, சற்றே திரும்பி நிற்கிறது என்று கவனித்தேன். முகப்பின் நடுப்பகுதியும் நம்மை நோக்கிப் புடைத்து வளைந்திருக்கிறது. முன்னால் நின்றால் குவிமாடம் தெரியாது, பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டும்.

தீவின் வடமேற்கில் உள்ள தலைநகர் பலெர்மோ வேறு கதை. அங்கே ஜாக்கோமோ செர்போத்தாவின் வெண்சுதைச் சிற்பங்களுக்காகச் சாந்தா சீத்தா ஜெபக்கூடத்துக்குப் போங்கள். சுதையின் மேல் பளிங்குத்தூள் கலந்த பூச்சுக் கொடுத்துத் தேய்ப்பாராம், அந்த மினுமினுப்பு இன்னும் போகவில்லை. பிறகு சாந்தா கத்தரீனா மடம். அடைபட்டு வாழ்ந்த தொமினிக்கன் கன்னியரின் இடம். இப்போது கன்னியர் இல்லை. ஆனால் பழைய மடங்களின் செய்முறைப்படி இனிப்புச் செய்து உள்ளேயே விற்கிறார்கள். கானோலி (மொறுமொறுப்பான குழல் ஓட்டுக்குள் இனிப்புப் பாலாடைக்கட்டி நிரப்பிய பண்டம்) வாங்கினால் அங்கேயே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். பார்சல் வேண்டாம், ஓடு நமத்துப்போகும்.