மேக் முகவரி ஐ.சி. (அடையாள அட்டை) ஆகாது: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களிலும் செம்பனை ஆலைகளிலும் நெட்வொர்க் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, 802.1எக்ஸ் என்றால் என்ன? படித்தால் தலை சுற்றுகிறது. (ஆலை அலுவலகத்தில் புதியவர்)

நெட்வொர்க்கில் சேர வரும் கருவியை வாசலிலேயே சோதிக்கும் தரநிலை அது. தோட்டத்து கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. லோரி வந்து நிற்கிறது. ஜாகா (காவலாளி) தானாக முடிவெடுப்பதில்லை. ஆபீசுக்குப் போன் போடுகிறார், கிராணி (எழுத்தர்) சரி என்றதும் தடுப்பைத் தூக்குகிறார். லோரிதான் கணினி, ஜாகா கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச், கிராணி அனுமதி தரும் ரேடியஸ் சர்வர். அனுமதி வரும்வரை இ.ஏ.பி. எனும் அடையாளச் சோதனைப் பேச்சைத் தவிர வேறெதையும் சுவிட்ச் உள்ளே விடாது. எந்த விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) விடுவது என்பதையும் சர்வரே சொல்லிவிடும். இந்தத் தரநிலை வந்தது 2001இல், நம் மைகாட் அடையாள அட்டை வந்த அதே ஆண்டு.

மேக் முகவரிகளைப் பட்டியல் போட்டு அனுமதித்தால் போதாதா? (தோட்ட அலுவலகம்)

போதாது. மேக் முகவரி என்பது நெட்வொர்க் கருவிக்குத் தொழிற்சாலை கொடுக்கும் எண், லோரியின் நம்பர் பிளேட் மாதிரி. யார் வேண்டுமானாலும் அதே எண்ணை எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஓர் ஆலையில் மேனேஜர் இதை நம்பவில்லை. அவர் கண்ணெதிரே பிரிண்டரைத் திருப்பினேன். பின்பக்க ஸ்டிக்கரில் 12 எழுத்து முகவரி தெளிவாக அச்சாகியிருந்தது. அதை என் லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் தட்டிவிட்டு, பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். தேநீர் ஆறுவதற்குள் எடைப்பாலத்து சர்வர் வரை போய்விட்டேன். மனிதர் அதன்பிறகு பேசவில்லை.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்த முகவரி இல்லை.

அடையாளம் என்றால் நகலெடுக்க முடியாத ஒன்று வேண்டும். டிஜிட்டல் சான்றிதழும், அதன் ரகசிய சாவி கணினிக்குள் இருக்கும் டிபிஎம் எனும் பாதுகாப்பு சிப்பைவிட்டு வெளியே வராதபடி பூட்டிவைப்பதும்தான் அது. அந்த வழிக்குப் பெயர் இ.ஏ.பி.-டி.எல்.எஸ்.

பழைய பிரிண்டருக்கும் கேமராவுக்கும் சான்றிதழ் போட முடியவில்லையே? (பள்ளி ஆசிரியை)

அவற்றுக்கு மட்டும் மேக் வழியை விடுங்கள் டீச்சர். ஆனால் தனி விலானில், பிரிண்ட் சர்வரை மட்டும் பார்க்கும்படி. பிரிண்டர் எதற்குப் பள்ளிக் கோப்புகளைத் திறக்க வேண்டும்?

கரண்ட் போய் வந்தால் எடைப்பாலத்துக் கணினி நெட்வொர்க்கில் சேர மறுக்கிறது. சான்றிதழ் சரியாகத்தான் உள்ளது. (ஆலை)

கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது செத்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளே இன்னும் வரவில்லை என்று கணினி நினைத்து விலகிக்கொள்கிறது. நெட்வொர்க் மூடியிருப்பதால் சரியான நேரத்தையும் வாங்க முடியாது. பேட்டரியை மாற்றுங்கள்.

மேக் ஃபில்டர் மட்டும் வைத்தால்...? (மூவர்)

மேலே பிரிண்டர் கதையைப் படியுங்கள்.

உங்கள் ரேடியஸ் விழுந்தால் ஆலை நிற்கும். செம்பனைக் குலை அழுகும். யார் பொறுப்பு? (ஆலையின் மூத்த சார்ஜ்மேன்)

அண்ணன் கேட்டது நியாயம். பழுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி விலை இறங்கும். ஆனால் அதற்காகப் பூட்டே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். ரேடியஸ் சர்வர் இரண்டு வையுங்கள், இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை, சர்வர் பதில் தராத நேரத்தில் வெளியே தள்ளாதபடி சுவிட்சில் அமைக்கலாம்.

அப்படியானால் எவனாவது சர்வரை விழுத்திவிட்டு உள்ளே வரலாமே? (அதே சார்ஜ்மேன்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால்தான் சர்வர் இல்லாத நேரத்துக்கென ஒரு குறுகிய விலான் வேண்டும் என்கிறேன். எடைப்பாலத்துப் போர்ட் அதில் விழும், எடை பதியும் சர்வரை மட்டும் தொடும், இணையமோ சம்பளக் கோப்போ தெரியாது.

பாய்லரை ஓட்டும் பிஎல்சிக்கும் (இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி) இதைப் போடச் சொல்கிறீர்களா? (அதே சார்ஜ்மேன்)

இல்லை அண்ணே. அதில் நான் உங்கள் பக்கம். பிஎல்சிக்குத் தனி சுவிட்ச், பூட்டிய அலமாரி, ஆபீஸ் நெட்வொர்க்கோடு நேரடித் தொடர்பு கூடாது. அந்தச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.

வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப்பை எப்படித் தடுப்பது?

சான்றிதழை ரத்து செய்யுங்கள். உங்கள் ரேடியஸ் மென்பொருள் ஃப்ரீரேடியஸ் என்றால் ரத்துப் பட்டியலைச் சோதிக்கும் வரி முதலிலிருந்தே முடங்கிக் கிடக்கும். அதை உயிர்ப்பிக்காமல் ரத்து செய்தால் எதுவும் நடக்காது. பலர் விழும் குழி இது.

எந்த சிசிடிவி நல்லது?

என் துறை இல்லை.

மேக் முகவரியை மறைத்துவைத்தால்?

மறைக்க முடியாது. வைஃபையில் அது காற்றில் வெளிப்படையாகவே போகிறது. ஐந்தாவது முறையாகச் சொல்கிறேன், அது ஐ.சி. இல்லை.

எங்கிருந்து தொடங்குவது அண்ணே?

முதல் மாதம் யாரையும் தடுக்காதீர்கள் தம்பி. சுவிட்சைக் கண்காணிப்பு நிலையில் வைத்து, யார் யார் வருகிறார்கள் என்று பதிவுமட்டும் செய்யுங்கள். இப்படிப் பார்த்தபோது ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் யாரோ எப்போதோ செருகிய வீட்டு ரவுட்டர் ஒன்று அகப்பட்டது. தூசு படிந்து, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லே இல்லை.